நாலாவது கட்டில்

அரசாங்கம் தன் கிராணிகளுக்கு வீடு வாங்கக் கடன் கொடுத்த காலம் அது. அப்பாவும் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி. தண்ணீர்மலைப் பக்கம் மாடி வைத்த பலகை வீடு ஒன்றை அந்தக் கடனில்தான் வாங்கினார். கடன் தீரும்வரை குடும்பத்தார் மட்டுமே அதில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையை வாடகைக்கு விட்டாலும் வீடு கையைவிட்டுப் போகும் என்பது சட்டம். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி ஒருவர் வந்து கட்டில்களை எண்ணுவார். மனிதர்கள் பொய் சொல்வார்களாம், கட்டில் சொல்லாதாம். என்ன ஞானமோ!

குடிபுகுந்த வருஷமே என் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா அழவில்லை. தினமும் தங்கையின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். அவளுடைய கட்டைச் செருப்பைத் துடைத்துப் படியடியில் வைத்தாள். பள்ளி விடும் நேரத்தில் மாடிப்படியில் டக் டக்கென்று அந்தச் செருப்புச் சத்தம் ஏறும். நான் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வேன். "வெயில்ல பலகை முறுக்குது" என்பார் அப்பா, தலை நிமிராமல். அம்மா மட்டும் சிரிப்பாள். செத்துப்போனாள் என்ற சொல்லை அவள் எதிரில் நாங்கள் யாரும் சொன்னதில்லை.

அதிகாரி வந்தார். நம்மவர்தான், தமிழர்.

"ஆள் மூணு, கட்டில் நாலா? யாரை வாடகைக்கு வெச்சிருக்கீங்க, கிராணி?"

"யாரும் இல்லீங்க ஐயா."

"இல்லாத ஆளுக்கா புது விரிப்பு? கீழ செருப்பு வேற கிடக்குதுலா."

அம்மா முந்திக்கொண்டாள். "என் சின்ன மகளோடதுங்க. இப்ப வந்துடுவா."

"அப்ப பார்த்துட்டே போறேன்" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

பள்ளி விடும் நேரம் வந்தது. படியில் சத்தம் ஏறத் தொடங்கியது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

"அவ செத்துட்டாங்க ஐயா" என்று அப்பா கத்தினார். "என் புள்ள செத்துப்போச்சு."

சத்தம் பாதிப்படியில் நின்றது.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வீடு எங்களுக்குத் தங்கியது. அம்மா அன்றே அந்த விரிப்பைச் சுருட்டி வைத்தாள். அப்பாவை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சத்தம் அதற்குப் பிறகு வரவே இல்லை. பள்ளி விடும் நேரத்தில் அம்மா பாதிப்படியில் போய் உட்காருவாள். அத்தனை பயந்த நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.