கோஸ்தான் தரிசனம்

மலேசியாவில் எங்கள் மூவாரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" அதற்கு நான் சொல்லும் பதில், "ஆறு இருக்கு, படகு இருக்கு, டிக்கெட் இங்கயே இருக்கு." சந்தனசாமி அங்கிள் சொல்லும் பதில், "அரை நாள் போதும்."

நான் படகுத்துறையில் டிக்கெட் விற்கிறவள். பெயர் பிரவீனா. அங்கிள் அதே படகில் மைக்கைப் பிடித்து ஆற்றங்கரையைக் காட்டுகிறவர். தொண்டை வறளக் கூப்பிட்டு நான் ஏற்றி அனுப்புகிற ஜனங்களை அவர் உள்ளே வைத்துக் கவிழ்த்துவிடுவார். படகு கவிழாது, என் வியாபாரம் கவிழும். "ரெண்டு நாள் தங்கலாமா?" என்று ஆசையாகக் கேட்ட சிங்கப்பூர் குடும்பத்திடம், "காலையில சாத்தே சாப்பிடுங்க, கடைத்தெருவ ஒரு சுத்து சுத்துங்க, படகுல ஏறுங்க, மத்தியானம் மீ பண்டோங் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. அதுக்கு மேல இருந்தா ஒருத்தர் முகத்த ஒருத்தர்தான் பார்க்கணும்" என்றார். அவர்கள் அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் டிக்கெட் கட்டையே அவர்மேல் எறிந்திருப்பேன். நடுவில் கண்ணாடி இருந்தது.

அவரிடம் ஒரு குறையும் கிடையாது, பொய் வராது என்பதைத் தவிர. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆற்றுச் சேறு நாறும். வேறு ஊர் வழிகாட்டி என்றால் பேச்சை மாற்றுவான். இவர் மைக்கில், "இப்போ நாறும்னு சொல்றாங்க, மூக்கப் பிடிச்சுக்கலாம்" என்று அறிவிப்பே செய்வார். 'சொல்றாங்க' என்பதும் பொய் கலக்காத பேச்சுதான். அவருக்கு வாசனை தெரியாது.

அந்தக் கதை பெக்கோக்கில் தொடங்குகிறது. அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர், மீசை அரும்பியதும் மூவாருக்கு வந்து நாற்காலி, அலமாரி செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை, வார்னிஷ் அடிப்பது. வாயையும் மூக்கையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, மெஷின் இரைச்சலுக்கு நடுவே, நாற்பது வருடம். மூக்கு போனது. பேச்சும் அங்கே யாருக்கும் கேட்காது. வீட்டுக்கு வந்து பேசலாமென்றால் அவர் மனைவி சூசையம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம் எங்கள் முதலாளி லோகேஸ்வரன் புதுப் படகு வாங்கி, பேச ஆள் தேடினார். அங்கிள் மைக்கைக் கையில் வாங்கி, "டெஸ்டிங், டெஸ்டிங்" என்றபோது மொத்தப் படகுத்துறையும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்த்தேன். முதல் நற்கருணை வாங்கிய பிள்ளையின் முகம்தான். அதற்குப் பிறகு அந்த மைக்கை அவர் யாரையும் தொட விட்டதில்லை.

படகில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டுகிற ரம்லி முன்னால் உட்கார்ந்திருப்பார், பின்பக்கம் தெரியாது. பாலத்துக்குக் கிட்டே திரும்பும்போது மீன்பிடிப் படகுகளை நெருக்கியடித்துக் கட்டியிருப்பார்கள், அங்கே படகைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். வண்டியோ படகோ, பின்னால் எடுப்பதற்கு எங்கள் நாட்டில் தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லோருக்கும் ஒரே சொல்தான்: கோஸ்தான். அங்கிள் படகின் வால்பக்கம் நின்று, கையைக் காட்டி, மைக்கிலேயே "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று கத்துவார். ரம்லி எடுப்பார்.

போன வருடம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் லோகேஸ்வரன் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மதுரையிலிருந்து கமலநாதன் என்று ஒருவர் வருகிறார், தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளைப் பஸ் பஸ்ஸாக சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்துப் போகிறவர். அவருடைய பஸ் ஆயர் ஈத்தாமில் நிற்கும், ஜனங்கள் பூச்சட்டி வாங்குவார்கள், அப்படியே மலாக்காவுக்குப் பறந்துவிடும். நடுவில் மூவார் பக்கம் திருப்பலாமா என்று பார்க்க வருகிறார்.

"அவரு திருப்பலன்னா முடிஞ்சுதுலா" என்றார் லோகேஸ்வரன். "மலாக்காவுல ஒருத்தர் படகக் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துடுவேன். அங்கிள், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த அரை நாள் பாட்டப் பாடாதீங்க. ஒரு வாரம் பத்தாதுன்னு சொல்லுங்க."

"பொய் சொன்னா மாதாகோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும் தம்பி. 'சாமி, மூவாரப் பார்க்க ஒரு வாரம் வேணும்னு சொன்னேன்'னு சொன்னா சாமியாரு உள்ள உக்காந்துக்கிட்டே சிரிச்சிடுவாரு."

"அப்போ வாயே தொறக்காதீங்க!"

அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் மைக்கைத் துணியால் துடைத்து, அதன் பெட்டியில் வைத்து மூடியவர், மறுபடி திறந்து இன்னொரு தடவை துடைத்தார். படகு போனால் மைக்கும் போகும். மறுபடி சூசையம்மாளின் டிவிக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் டிக்கெட் அறையும் போகும்.

கமலநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, உலகத்தையே சுற்றிக் காட்டி முடித்துவிட்ட நடை. எதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. படகில் ஏறினார். அங்கே நடந்தது பிறகு அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கிள் சொன்ன சொல் தவறாமல் ஊமையாக நின்றார். ஆறு, கரையோரப் பழைய கடைவரிசை, பள்ளிவாசல், பாலம் எல்லாம் ஒரு பேச்சுமில்லாமல் கடந்து போயின. திரும்பும் இடம் வந்தது. அங்கே ஊமையாக இருந்தால் மீன்படகில் மோத வேண்டியதுதான். அங்கிள் மைக்கை எடுத்தார், ஆற்றில் நட்டிருந்த ஒரு பழைய மரத்தூணை நோக்கிக் கையை நீட்டி, "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று கத்தினார். தூண்மேல் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றிருந்தது.

முழுப் பயணத்திலும் ஒலிபெருக்கியில் வந்த ஒரே சொல் அதுதான். கமலநாதன் துள்ளி எழுந்து போட்டோ எடுத்தார்.

இறங்கியதும் என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தக் கோஸ்தான் தினமும் உண்டா?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். "அது இல்லாம எப்படி சார்? ஒவ்வொரு தடவையும் உண்டு."

"அதுக்குத் தனி டிக்கெட்டா?"

"கோஸ்தானுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது சார்."

"பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தியாவில் வண்டியைப் பின்னால் எடுக்கக்கூடக் காசு வாங்குவார்கள் போலிருக்கிறது, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் பஸ் வந்து நின்றது. லோகேஸ்வரன் மாலையோடு ஓடினார், பாதி வழியில் நின்றுவிட்டார். பஸ்ஸின் பக்கவாட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பேனர். அதில் பெரிய எழுத்தில்: 'மூவார் – கோஸ்தான் தரிசனம்!' கீழே ஆற்றில் நட்ட தூண், அதன்மேல் கொக்கு.

"அலமாக்!" என்றார் லோகேஸ்வரன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார்கள். ஓர் அம்மா, பெரியகுளத்துக்காரர், தேங்காய், பழத் தட்டோடு இறங்கினார். "எத்தனை மணிக்குங்க நடை தொறப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் கல்லாப்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன்.

படகுக்குப் பின்னால் லோகேஸ்வரன் அங்கிளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அந்தத் தூணையே காட்டுங்க அங்கிள். ராஜா காலத்துத் தூணு, கும்பிட்டா நல்லதுன்னு ரெண்டு வார்த்த. இது கெட்டுதுன்னா மலாக்காக்காரரு நாளைக்கே வந்து படக எடுத்துட்டுப் போயிடுவாரு. உங்க மைக்குக்காகவாவது!"

"அந்தத் தூண நட்டப்போ நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்பா. மீன்படகு கட்டுறதுக்கு நட்டாங்க." அங்கிளுக்குக் கண் கலங்கியிருந்தது. "மைக்குக்காகத்தான் சொல்றேன். அதுல பொய் பேசிட்டா அப்புறம் அத வச்சு நான் என்ன பேசுறது?"

நானும் டிக்கெட் அறையைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறினேன். கடைசித் தடவை என்றால் பார்த்துவிடுவோம் என்றுதான். தண்ணீர் வற்றும் நேரம் வேறு. படகு பாலத்தை நெருங்கியது, எல்லோரும் எழுந்து நின்றார்கள், பெரியகுளத்து அம்மா தட்டில் கற்பூரம் வைத்துவிட்டார். அங்கிள் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"வந்தவங்க எல்லாரும் மன்னிக்கணும். கோஸ்தான்னு இங்க சாமி கிடையாது, கோயில் கிடையாது. கோஸ்தான்னா எங்க பாஷையில ரிவர்ஸ். படகப் பின்னால எடுன்னு நான் ரம்லிக்குச் சொன்னேன். சாரு அத அந்தத் தூணோட பேருன்னு நெனச்சிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல. நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்."

கமலநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். லோகேஸ்வரன் ஆற்றில் குதிக்கப் போகிறவர் மாதிரி கம்பியைப் பிடித்திருந்தார். அப்போதுதான் பெரியகுளத்து அம்மா ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தட்டு குலுங்கியது, தேங்காய் உருண்டு ஓடியது. "ரிவர்சாம்டீ!" என்று பக்கத்தில் இருந்தவளை அடித்து அடித்துச் சிரித்தார். அது அப்படியே படகு முழுக்கப் பரவியது. கடைசியில் கமலநாதனுக்கும் சிரிப்பில் வாய் கோணியது.

"சரிங்கய்யா" என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேனர் போட்டுக் கூட்டியாந்தாச்சு. அந்த ரிவர்சையாவது எங்களுக்குக் காட்டுங்க."

"கோஸ்தான்!" என்றார் அங்கிள். ரம்லி எடுத்தார்.

தினமும் நடப்பதுதான். நான்தான் பார்த்ததில்லை, கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்துவிட்டேன். படகு மெதுவாகப் பின்னால் போனது, எங்கள் ஊர் முன்னால் விரிந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு கடை, பிறகு கடைவரிசை, பிறகு பள்ளிவாசலின் கோபுரங்கள், துணி காய்கிற மாடிகள், கரையில் பல் குத்திக்கொண்டு நிற்கிற ஆள் எல்லாம். இவ்வளவு நாள் நான் டிக்கெட் விற்றது இதற்குத்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

அங்கிள் பேச ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. எந்தக் கடையில் முதல் நாள் தேநீர் குடித்தார், எந்த மாடியில் ஏழு பேரோடு படுத்துக் கிடந்தார், எந்த மாதாகோயிலில் சூசையம்மாளைக் கட்டினார், எல்லாம் சொன்னார். நடுவில் சேறு நாறியது.

"நாறுதா?" என்று கேட்டார்.

"நாறுது!" என்று படகே சொன்னது.

"எனக்குத் தெரியாதுங்க. இங்க நாப்பது வருஷம் வார்னிஷ் அடிச்சு மூக்கு போச்சு. அதனாலதான் இந்த ஊரு எனக்குப் பிடிச்சிருக்கோ என்னவோ."

ஒருவர் பின்வரிசையிலிருந்து கேட்டார், "இந்த ஊரு பார்க்கத் தகுந்த ஊருதானா, உண்மையச் சொல்லுங்க?"

லோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரை நாள் போதும்" என்றார் அங்கிள்.

"அரை நாள் ஊர்ல நீங்க எப்படி நாப்பது வருஷம் இருந்தீங்க?"

"தெனமும் அரை நாள்தான் இருக்கேன். மிச்ச அரை நாள் தூங்கிடுறேன்."

மத்தியானம் சாப்பிட்டதும் மலாக்காவுக்குக் கிளம்ப வேண்டிய பஸ். ஜனங்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள், அங்கிள் முதல் நாள் தேநீர் குடித்த கடையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்கள், மாதாகோயிலுக்குப் போய் உடைக்காத தேங்காயை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் இன்னொரு கோஸ்தான் வேண்டும் என்று மறுபடி வந்து நின்றார்கள். கமலநாதன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்கு என் முன்னால் வரிசையில் நின்றார். கரையில் விளக்குப் போட்ட பிறகுதான் பஸ்ஸில் ஏறினார்கள்.

படகுத்துறையில் பஸ் திரும்ப இடம் போதாது. ஓட்டுநர் பின்னால் எடுத்தார். எல்லா ஜன்னல்களிலிருந்தும் தலைகள் நீண்டன. "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று முப்பது நாற்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. பெரியகுளத்து அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. கமலநாதன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு லோகேஸ்வரனைப் பார்த்து, "அடுத்த மாசம் ரெண்டு பஸ்! பேனர மாத்த மாட்டேன்!" என்று கூவினார்.

பஸ் கண்ணுக்கு மறைகிறவரை அங்கிள் கையாட்டிக்கொண்டே நின்றார். பிறகு மைக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே என் கண்ணாடிக்கு முன்னால் வந்தார். முகத்தில் பெரிய குழப்பம்.

"பிரவீனா, நான் அரை நாள்னுதானே சொன்னேன்?"

"ஆமா அங்கிள்."

"அப்போ நான் மைக்குல பொய் சொல்லிட்டேனா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் உள்ளே உட்கார்ந்துகொண்டே சிரித்தாராம்.