எக்ஸ்பிரஸ் நின்ற இடம்

என் அண்ணிக்கு உட்காரத் தெரியாது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்தபடிதான் சாப்பிடுவார். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அதில் பையை உட்காரவைத்துவிட்டுத் தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் வராண்டாவில் நடையாய் நடந்து நர்சைத்தான் களைக்க வைத்தார். "உங்க அண்ணி காலைக் கட்டிப்போட ஒரு கயிறு வாங்கணும்" என்று அண்ணன் அலுத்துக்கொள்வார். வாங்கியதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறோம். நான் கணக்கு எடுக்கிறேன். அண்ணி கட்டுமானப் பிரிவு: பாலம், உத்தரம், எது எவ்வளவு கனம் தாங்கும், எங்கே வளையும், எங்கே உடையும். என் வகுப்பறைக்கும் அவர் வகுப்பறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பலகை மேடை ஒன்று உண்டு. அதில் அவர் நடக்கிற சத்தம் இந்தப் பக்கம் என் மாணவர்களுக்குத் தாளம் போடும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அது தெரிந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாசஞ்சர் என்று வைத்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

நடக்கிறது அவருக்குப் பழக்கம் மட்டுமில்லை, பாடமே அதுதான். "இந்த மேடைதான் பாலம், நான்தான் லாரி" என்று ஒரு கோடியிலிருந்து கிளம்புவார். வாய் ஓய்வதில்லை, கால் நிற்பதில்லை. பாதி வாக்கியம் மாணவர்களைப் பார்த்து, மீதி வாக்கியம் கரும்பலகையைப் பார்த்து. பலகை கிரீச்சிடும் இடத்தில், "கேட்டுச்சா, பாலம் அழுவுது. நான் காலையில கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்" என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சூத்திரத்தை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல் உள்ளே இறக்கிவிடுவார். அவரிடம் படித்தவர்கள் பாலத்தில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். எனக்குப் பொறாமைதான். கணக்கு வாத்தியாரை யாரும் எந்தப் பாலத்திலும் நினைப்பதில்லை.

இந்த வருஷம் அந்த வகுப்புக்குக் காது கேட்காத பெண் ஒருத்தி வந்தாள். காதில் கருவி உண்டு, ஆனால் அதில் அவளுக்கு இரைச்சல்தான் வரும், சொல் வராது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். பேசுவாள், பழகாதவர்களுக்குப் பாதிதான் விளங்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து, எக்ஸ்பிரஸின் வாயைத் துரத்தித் துரத்திக் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாளாம். முதல் பரீட்சையில் ஃபெயில்.

துறைத்தலைவர் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு எதுவும் புரியலையாம் மேடம். இந்தப் பேப்பரை விட்டுடறேன்னு சொல்லுது. இதை விட்டா இந்தப் பிரிவுலயே இருக்க முடியாது, வேற படிப்புக்கு மாத்திக்கணும். கடைசி நாள் வர்ற வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள. ஏதாவது நோட்ஸ் குடுத்துப் பாருங்க, இல்லேன்னா விடுங்க. நம்மளால என்ன பண்ண முடியும்."

அண்ணி ஆசிரியர் அறைக்கு வந்து என் மேஜையைச் சுற்றி நடந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"நான் நடக்கிறதுதான் பிரச்சினை. நின்னுட்டா சரியாயிடும்."

"அண்ணி, நீங்க நிக்கிறதாவது. நடக்கிற காரியமா பேசுங்க."

"கிண்டல் பண்ணாத. ஒரு புள்ளையோட படிப்பு போகுது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருத்திக்காக ஒரு வகுப்பின் பாடத்தையே ஏன் மாற்ற வேண்டும், தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் போயிற்று என்று வாயைவிட்டே சொன்னேன். அண்ணி கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் மாணவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள். பாடத்தின் நடுவில் வெளியே வந்து எட்டிப் பார்த்தால், அண்ணி மேஜையின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆடுகிற கப்பலில் நிற்கிற மாதிரி. முகத்தை நேராக அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லையும் வாயை அகல விரித்து, பல் டாக்டருக்குக் காட்டுவதுபோல் சொல்கிறார். "பா...லத்...தின்... ந...டு..." சிரிப்பு இல்லை, லாரி இல்லை. கடைசி வரிசையில் பயில்வான் என்று பெயரெடுத்த தடித்த பையன் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பாடத்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வகுப்பில் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அண்ணி விடவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் காட்டிவிடலாம் என்று புரொஜெக்டர் கொண்டுவந்தார். திரை தெளிவாகத் தெரியட்டும் என்று விளக்குகளை அணைத்தார். இருட்டில் அவர் உதடு யாருக்குத் தெரியும்? உதவி செய்கிறேன் என்று கிளம்பி, இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டார். அப்போது இது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

புதன்கிழமை அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். முடிவோடு வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. மெதுவாகப் பேசினாள். எனக்கு விளங்காத இடங்களில் அண்ணி, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டார்.

"மேடம், நீங்க எனக்கு மட்டும் பாடம் எடுக்கறீங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. என்னாலதான் கிளாஸ் போரடிக்குதுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"காதுல விழலை. உதட்டுல பாத்தேன்."

அவள் தொடர்ந்தாள்.

"வாயை அவ்வளவு பெருசா திறந்தா எனக்கு ஒண்ணுமே புரியாது. சாதாரணமா பேசுங்க. நீங்க நடந்தப்பவே எனக்குப் பாதி புரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல."

"அப்ப நான் நடக்கலாமா?"

"நடங்க. பேசாம நடங்க. நின்னு, திரும்பி, அப்புறம் பேசுங்க. எனக்காக நிக்க வேண்டாம், எல்லாருக்கும் நில்லுங்க. யாராவது கேள்வி கேட்டா அதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. பின்னாடி உக்காந்து கேக்கறவங்க வாய் எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். எந்தக் கமிட்டியும் கூடவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டாள். அதுவரை கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வாசல் வரை போனவள் நின்று, ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள்.

"எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிச்சு வைப்பேன் மேடம். எதுக்குன்னு தெரியாமலே. அதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் போயிற்று என்று சில நாள் முன்பு பேசிய வாய் என்னுடையது. தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டாலும், கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு வருமா?

பேசாமல் நடப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு அன்று சாயங்காலம் வந்திருக்க வேண்டும். கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டி மேடை ஆக்கினோம். நான்தான் அந்தப் பெண். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன், அதையும் மீறிக் கேட்டது. அதனால் மிக்சியை ஓடவிட்டேன். அண்ணி இரண்டடி நடப்பார், வாய் தானாகத் திறந்துகொள்ளும். நான் கையைத் தூக்குவேன். அவர் வாயை மூடுவார், கால் நின்றுவிடும். கால் கிளம்பினால் வாயும் கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் எந்த நரம்பு ஓடுகிறதோ தெரியவில்லை.

அண்ணன் சமையலறையை எட்டிப் பார்த்து மிக்சியை நிறுத்திவிட்டு வந்தார். "உள்ள ஒண்ணுமே இல்லாம மிக்சி எதுக்கு ஓடிச்சு?"

"பாடம் நடக்குது, குறுக்க வராதீங்க" என்றார் அண்ணி.

"நடந்தா பேசக் கூடாது, பேசினா நடக்கக் கூடாதா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் போய் நின்று நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டார். "எனக்கு வரலை. பேச்சை நிறுத்தினா மண்டைக்குள்ள எல்லாம் நின்னுபோகுது. இத்தனை வருஷம் கால்லதான் பாடத்தை வச்சிருந்தேன் போல இருக்கு. நான் நிதானமா கத்துக்கறதுக்குள்ள அந்தப் புள்ள போயிடும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எக்ஸ்பிரஸ் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, மிக்சியை மறுபடி போட்டேன். "வாங்க அண்ணி, இன்னொரு தடவை."

வெள்ளிக்கிழமைகளில் அன்றைய கடைசி வகுப்பு அண்ணியுடையது. அது முடிகிற மணிதான் ஆபீஸ் மூடுகிற மணியும். எனக்கு அந்த நேரம் ஓய்வு. வேலை இருப்பதுபோல் பாவனை செய்யக்கூடப் பொறுமையில்லாமல் அவர் வகுப்பின் பின்வாசலில் போய் நின்றேன். அந்தப் பெண் நடு வரிசையில் இருந்தாள். மேஜைமேல் பையை மூடிக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். என் கண் அந்தப் பையிலேயே இருந்தது.

விளக்குகள் எல்லாம் எரிந்தன. அண்ணி நடந்தார், வாய் மூடியிருந்தது. நின்றார், திரும்பினார், பேசினார். வகுப்புக்கு முதலில் குழப்பம். பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அவர் பேசாமல் நடக்கிற நேரத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் அவர் பேச்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே எழுதியவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பயில்வானே எழுதினான். இரண்டு இடத்தில் அண்ணிக்கு நடக்கும்போது வாய் திறந்துகொண்டது. உடனே நின்று, "மன்னிச்சுக்குங்க, மறுபடி சொல்றேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

பிறகு பயில்வானை மேடைக்குக் கூப்பிட்டார். ஒரு நீளக் கம்பின் பின்முனையை அவன் கையிலும் முன்முனையைத் தன் கையிலும் வைத்துக்கொண்டார். "நாங்க ரெண்டு பேரும் ஒரு லாரி. இவன் பின் சக்கரம், கனம். நான் முன் சக்கரம், லேசு. யாரும் சிரிக்கக் கூடாது."

சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மற்றவர்களைப் பார்த்துவிட்டு இல்லை, அவர்களோடு.

"இந்தப் பாலம் ரொம்ப அதிகமா வளையணும். லாரியை எங்க நிறுத்தணும்?"

ஆளுக்கொரு குரல் கொடுத்தார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். "கனமான சக்கரம் நட்ட நடுவுலன்னு சொல்றாங்க." பயில்வான் மேடையின் நட்ட நடுவில் போய் நின்றான், அண்ணி அவனுக்கு முன்னால். வகுப்பு ஒப்புக்கொண்டது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருக்கும் விளங்கவில்லை. யாரோ இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மேடையிலிருந்தே, "மறுபடி சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். விளங்கவில்லை. அவள் முகம் சிவந்தது, கை பையின் பக்கம் போனது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று அண்ணி சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவசரத்துக்குப் பிறந்தவர், அந்தச் சொல் அவர் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கும்.

"எனக்குப் புரியலை. நான் காத்துக்கிட்டிருக்கேன். இன்னொரு தடவை."

அவள் சொல்லவில்லை. எழுந்தாள். பையை விட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து மேடையில் ஏறினாள். பயில்வானின் தோளைப் பிடித்து நடுவிலிருந்து ஒரு அடிக்கும் குறைவாகப் பின்னால் தள்ளினாள். கம்போடு அண்ணியும் பின்னால் வந்தார். இப்போது பாலத்தின் நடு அவனுக்கும் அண்ணிக்கும் இடையில் எங்கோ இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள், அண்ணியின் தோளைப் பிடித்து இன்னும் ஒரு விரல் அளவு நகர்த்தினாள்.

"இங்க" என்றாள். அது எல்லோருக்கும் விளங்கியது.

"நடுவுல இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணி அதை அவளுக்குத் திருப்பிச் சொன்னார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள், சாக்பீஸை எடுத்தாள். "அசையாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டத் தொடங்கினாள்: லாரியின் மொத்தக் கனம் விழுகிற புள்ளி நடுவுக்கு ஒரு பக்கம், பின் சக்கரம் அதே தூரத்தில் மறுபக்கம். ஒரு வரி எழுதினாள், வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள், பேசினாள். மறுபடி திரும்பி எழுதினாள். விளங்காத இடத்தில் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள், அவள் மறுபடி சொன்னாள். விடை சரி என்பது அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது. அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் நிறுத்திய இடத்திலேயே நின்றார். கால் கட்டைவிரல்கூட ஆடவில்லை.

மணி அடித்தது. கீழே ஆபீஸ் ஷட்டரை இறக்குகிற சத்தம் மாடி வரை வந்தது. அவளுக்குக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.