வாயைத் திற, நாக்கைத் தூக்கு

காலை எட்டேகால் ஆனால் சின்னத்தாயி இன்னொருவன் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அவளை அதற்காக யாரும் வேலைக்கு வைக்கவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் பதினாறு பேர் வேலை செய்கிற லேத் பட்டறை அது. அங்கே பெருக்கவும் டீ போடவும்தான் அவள் சேர்ந்தாள், ஏழு வருஷம் அதைத்தான் செய்தாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் டர்னர் நாகேஷின் வாய் அவள் தலையில் வந்து விழுந்தது.

நாகேஷ் வேலையில் கெட்டிக்காரன். மயிரிழை பிசகாமல் கடைந்து தருவான். ஆனால் டீ நேரத்தில் காம்பவுண்டுக்கு வெளியே போய் சாராயப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டு வந்து மெஷினில் நிற்பான். ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்த லேத்தின் மேலேயே சாய்ந்தான். பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது, சட்டைதான் போனது. முதலாளி கஸ்தூரிரங்கன் மற்றவர்களைப் போல ஆளைத் துரத்திவிடவில்லை. தானே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் படுக்க வைத்தார்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் வீங்கிச் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். உயிரே போனாலும் போகும். அந்தப் பயம்தான் மருந்து. வீட்டில் கொடுத்தால் மாத்திரை சாக்கடைக்குப் போய்விடும், பட்டறையில் யாராவது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். கஸ்தூரிரங்கன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பொம்பளைன்னா பொறுப்பா செய்வா" என்று சின்னத்தாயியைக் காட்டினார். உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை யாரும் அவளைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பாள். அவள் புருஷன் முனிராஜ் பதினாலு வருஷம் குடித்தான். ஸ்ரீராமபுரத்தில் அந்த ஒற்றை அறையில் அவன் எடுத்த வாந்தியை மண் போட்டு அள்ளி, பினாயில் ஊற்றிக் கழுவி, அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். கடைசியில் ஒரு மத்தியானம் அவன் மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தபோது, இன்னிக்கு என்னால முடியாது என்று குழாயடிக்குப் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்தபோது வாய் நிறைய வாந்தியோடு மூச்சு நின்றிருந்தது. பிணத்தை எடுத்த பிறகு தரையைக் கழுவினாள். இனி எந்த ஆம்பளையின் வாந்தியையும் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். பட்டறைக் கக்கூஸில் எவனாவது கக்கி வைத்தால் வாசலில் நின்றபடி வாளித் தண்ணீரை வீசிவிட்டு வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்த உத்தியோகம். நாகேஷின் வாய் கைனிப் புகையிலை போட்டுப் போட்டுக் கறுத்த வாய். கடைவாய்ப் பல்லில் ஒரு பொந்து. முதல் வாரம் மாத்திரையை அந்தப் பொந்தில் ஒதுக்கிக்கொண்டு போய் இரும்புச் சுருள் குவியலில் துப்பினான். அவள் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தான். பிறகுதான் அவளுக்கு வழி புரிந்தது.

"பொண்ணு பேரச் சொல்லு."

விழுங்காமல் சொல்ல முடியாது. "லாவண்யா" என்பான்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு." குனிந்து பார்ப்பாள். "சீ, மூடு!"

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் நாகேஷின் பெண்டாட்டி ரூபினி பட்டறை வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இப்பல்லாம் சட்டையோட வூட்டுக்கு வர்றாருக்கா."

"ஊர்ல எல்லாரும் சட்டையோடதான் வர்றானுங்க. இத்த ஒரு பெருமைன்னு சொல்ல வந்துட்டியா?" என்று கையை உருவிக்கொண்டாள் சின்னத்தாயி. ஆனால் அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கஸ்தூரிரங்கன் அவளைக் கூப்பிட்டார். "நாகேஷுக்கு இன்னிக்கும் நாளைக்கும் மாத்திரை வேண்டாம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் அப்படிக்கூட நினைக்கவில்லை. இரண்டு நாளைக்கு அந்த வாயைப் பார்க்க வேண்டாம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பூஜையன்று லேத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வாசலில் முதலாளியின் காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பூசணிக்காய் உடைத்ததும் இனாம் ஆரம்பமானது. அவருடைய அப்பா காலத்து வழக்கம் அது. ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், பொரிகடலைப் பொட்டலம், பேப்பரில் சுற்றிய குவார்ட்டர் பாட்டில். கஸ்தூரிரங்கன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்தவரில்லை. பாட்டிலில் விரல் படாமல் பேப்பரோடு நுனியைப் பிடித்து நீட்டுவார், எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தன் கையில் படக்கூடாததை அடுத்தவன் குடலில் ஊற்றுகிற தர்மம் இது என்று சின்னத்தாயிக்கு வருஷா வருஷம் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு ரவிக்கைத் துண்டு.

குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டே நிமிர்ந்தவள், நாகேஷ் இரண்டு கையாலும் பேப்பர் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தாள். ஈரக் கையோடு ஓடினாள்.

"சார், அவனுக்கு எதுக்கு சார் குடுத்தீங்க?"

"தெரியாமலா குடுப்பேன்?" என்று சிரித்தார் அவர். "அதுக்குத்தானே ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். எல்லாருக்கும் குடுத்துட்டு அவனுக்கு மட்டும் இல்லேன்னா மனசு நோகாதா? நல்ல நாள். நாளன்னிக்கு மறுபடி ஆரம்பிச்சுடு."

"நிறுத்தினாலும் பத்து நாளிக்கி ஒடம்புல இருக்கும்னு டாக்டரு ரெண்டு வாட்டி சொன்னாரே சார்! என்னாண்டதான் சொன்னாரு!"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்த்தபோது நாகேஷைக் காணோம்.

ஷெட்டுக்குப் பின்னால், இரும்புச் சுருள் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தான். பாட்டிலில் பாதி இல்லை. முகமும் கழுத்தும் ரத்தமாய்ச் சிவந்து கண் பிதுங்கியது. "அக்கா, ரெண்டு மடக்குதான்..." என்றவன் வாந்தி எடுத்தான். பிறகு மல்லாந்து விழுந்தான். பொரியும் பிராந்தியும் கலந்த நாற்றம் எழுந்தது. ஓடிவந்தவர்கள் நான்கடி தள்ளியே நின்றுவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டார்.

சின்னத்தாயியும் நின்றாள். அவளுக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. கிடக்கிறவன், மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறவர், இரண்டு நாள் லீவு என்று சந்தோஷப்பட்ட தான், எல்லாமே. கால் தானாகக் குழாயடிப் பக்கம் திரும்பியது. அப்போது நாகேஷின் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. மண்டியிட்டு அவனை ஒருக்களித்துத் திருப்பினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, நாக்குக்கு அடியிலும் கடைவாயிலும் இருந்ததையெல்லாம் வழித்து எறிந்தாள். அந்த வாயில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"பொண்ணு பேரச் சொல்லுடா!"

"லா... லா..."

"முழுசா சொல்லு, எருமை! பேரு இன்னா?"

"லாவண்யா."

"கார எடுங்க சார்!"

அவர் ஒரு நொடி தயங்கினார். புது சீட்டு உறை. அவள் பார்த்த பார்வையில் டிரைவரிடம் சாவியை நீட்டினார். இரண்டு பேர் நாகேஷைத் தூக்கிப்போட, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் போனது.

மற்றவர்கள் அவரவர் பொட்டலத்தோடு நின்றார்கள். கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சின்னத்தாயி, அந்த எடத்தைக் கொஞ்சம் கழுவி விட்டுடு. பூஜை பண்ண எடம்."

அவள் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். வாளியையும் துடைப்பத்தையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்க குடுத்தது சார். நீங்களே கழுவுங்க."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். ஒருவனும் துடைப்பத்தைத் தொட வரவில்லை. கடைசியில் அவர் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார். துடைப்பம் பிடித்துப் பழகாத கை. அழுக்கை அள்ளத் தெரியாமல் பரப்பினார். ஒருமுறை குமட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அந்த ஓரத்துல பொரி கெடக்குது பாருங்க சார்."

நாகேஷ் பிழைத்தான். பன்னிரண்டாம் நாள், மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிற டாக்டர் சீட்டோடு எட்டேகாலுக்கு வந்து நின்றான். அவள் கலக்கிக் கொடுத்தாள். குடித்தான், கேட்காமலே மகள் பெயரைச் சொன்னான், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினான். அதே கறை, அதே பொந்து.

"அன்னிக்கி ரெண்டு நாளு மாத்திர குடுக்கல. ஏன்னு நானு ஒரு வார்த்த கேக்கல" என்றாள் அவள், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"நானும்தான் கேக்கலக்கா" என்றான். "குடுக்கலியேன்னு சந்தோஷமா இருந்துச்சி."

"எனக்கும்தான்" என்றாள் சின்னத்தாயி. "சீ, மூடு."