ஓல்போர்க் போன கல்வெட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்தே சொந்த வீடு வாங்கினேன். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். பிறகு என் கராஜுக்குள், கழித்துவிட்ட பலகைகளில் தட்டு அடித்து, எண்ணூறு புத்தகங்களோடு தமிழ் நூலகம் வைத்தேன். ஒருவரும் ஒரு ஆணி தரவில்லை.

அதில் ஒரு தட்டு முழுக்கக் கல்வெட்டுகள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் கதை, தேவாரம் எல்லாம் அச்சடித்து முப்பத்தோராம் நாள் கொடுப்பார்களே, அவைதான். வீட்டில் வைத்திருக்கப் பயந்த சனம் என்னிடம் தள்ளிவிட்டது.

இலங்கையில் போர் முடிந்த அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை காலை 9.10க்கு, அவற்றில் ஒன்றோடு ஓல்போர்க் பஸ் ஏறினேன். எண்பது கிலோமீற்றர், 110 குரோனர். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் யோகராணி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். வன்னியிலிருந்து வெறுங்கையோடு தப்பி வந்த அவளுடைய தாய் வவுனியா முகாமில் இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: இறந்துபோன கணவரின் படம். அது என் தட்டில் கிடந்த அவருடைய கல்வெட்டில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மறுநாள் ஊருக்குப் பறக்கும் பாதிரியார் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

பக்கத்து இருக்கையில், முன்பு என்னோடு வேலை செய்த செல்வம்.

“என்ன அண்ணை, செத்தவீட்டுப் புத்தகத்தோட ஊர்வலமோ?”

“உமக்கும் ஒண்டு அடிப்பினம். நல்லதா நாலு வரி வேணுமெண்டால் ஒழுங்காக் கதையும்.”

“இப்ப எல்லாம் இன்டர்நெட்டில கிடக்கு அண்ணை.”

“அப்ப அந்த மனுசன்ர படத்தைத் தேடி எடும் பாப்பம்.”

வழியில் வரும் ஹோப்ரோ ஊர் வரை கைபேசியை நோண்டினான். அகப்படவில்லை.

10.40க்கு ஓல்போர்க். யோகராணி தன் வீட்டுக் கதவடியில் நின்றபடியே புத்தகத்தைத் திறந்தாள். துருப்பிடித்த கம்பி, மஞ்சளான தாள். தகப்பனின் கன்னத்தை விரலால் தடவினாள்.

அவளுடைய மகள் மிதுனா படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கி, “மோ, ஸே!”, அம்மா, பாருங்கோ என்று டேனிஷில் தாயைக் கூப்பிட்டாள். புருவத்தில் ஒரு தழும்பு.

“ஓம்! கிணத்துக்கட்டில விழுந்தவர். நான் மறந்தே போனன்.”

எத்தனையோ தரம் புரட்டிய என் கண்ணிலேயே படாத தழும்பு. கணினியை இனிக் குறை சொல்லமாட்டேன்.

படத்தில் இரண்டு பிரதி எடுத்து, பாதிரியாரிடம் கொடுக்க உறையில் வைத்தோம். யோகராணி புத்தகத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

“அண்ணை, இதை நான் வைச்சிருக்கட்டோ?”

என் நூலகத்துக்கு வந்த தாள் ஒன்றும் திரும்பிப் போனதில்லை. இந்தப் புத்தகத்துக்கு வேறு பிரதியும் கிடையாது.

“வைச்சிரு தங்கச்சி. கணினியில இருக்கிறதை எனக்குத் தா.”

2.15 பஸ்ஸில், விரலளவு பென்டிரைவைச் சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு திரும்பினேன். மிதுனா படத்தை இணையத்தில் ஏற்றப் போகிறாளாம். ஏற்றட்டும்; முகாமை விட்டு வரும் சனம் இன்னும் எத்தனை முகங்களைத் தேடுமோ. மற்றக் கல்வெட்டுகளையும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுத வேண்டும்: ‘இதை ஈரம் படாமல் காத்தவர் விபோர்க் கந்தையா.’ பொடி எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.