பதினான்காம் பூத்தில் ஓர் ஓட்டு

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இளையபெருமாளுக்கு ஒரு சின்னக் கடை. எரிந்துபோன ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டித் தருவார். வீடு கோவில்பத்தில், எங்கள் தெருவில். ஐந்து முறை சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றவர் என்று சொன்னால் கடைக்கு வருபவர்கள் நம்புவதில்லை. பேச்சே குறைவான மனிதர்.

எங்கள் பக்கத்துத் தொகுதிகள் மிகச் சிறியவை. முப்பதாயிரம் ஓட்டு இருந்தாலே பெரிய தொகுதி. அதனால் இங்கே எம்.எல்.ஏ. என்பவர் தூரத்து ஆள் இல்லை. எங்கள் தொகுதியில் கோதண்டபாணி அப்படித்தான் இருந்தார். நான்கு முறை எம்.எல்.ஏ., நடுவில் ஒரு முறை மந்திரி. ஒரு தேர்தலில் வெறும் பதினெட்டு ஓட்டில் ஜெயித்தவர். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டுப் பையனுக்கு வளைகுடாவுக்கு விசா வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்குப் பிறகு அவருடைய மகன் கார்முகில். ‘அந்த வீடு’ என்று சொன்னாலே யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும்.

இளையபெருமாளுக்கு அரசியலில் எந்த ஆசையும் இருந்ததில்லை. 2001 தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் பதினோரு நாள் கரண்ட் இல்லை. தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் அந்த வீட்டுக்குப் போனார். காலையில் போனவரை மத்தியானம் வரை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். கடைசியில் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் வெளியே வந்து, “இப்ப பாக்க முடியாதுங்க. அவ்வளவு அவசரம்னா நீங்களே எம்.எல்.ஏ. ஆயிட வேண்டியதுதானே” என்றார். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அது கோதண்டபாணியின் சிரிப்பு என்றே இளையபெருமாள் நினைத்தார். மறுவாரம் போய் வேட்புமனு கொடுத்துவிட்டார்.

கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மனைவி மாரிக்கண்ணு நெடுங்காட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் வேலை. மனு கொடுத்த விஷயத்தை அவர் வீட்டில் சொன்னபோது அவள் உலையில் போட இருந்த அரிசியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாளாம். 

சின்னம் கேட்கும் இடத்தில் ஃபேன் கேட்டார். குலுக்கலில் வந்தது தையல் மிஷின். நண்பர் ஜவஹர் அலி தன் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு, காயில் கட்டுகிறவர் ஏன் தையல் மிஷினுக்கு ஓட்டுக் கேட்கிறார் என்று ஒவ்வொரு தெருவிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அறுபத்து மூன்று ஓட்டு விழுந்தது. அது இயந்திர ஓட்டு வந்த முதல் தேர்தல். சீட்டாக இருந்தபோது எல்லாவற்றையும் கலந்து எண்ணுவார்கள். இயந்திரத்தில் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்று அப்படியே தெரிந்துவிடுகிறது. எங்கள் தெரு பதினான்காம் பூத். எண்ணும் இடத்தில் இளையபெருமாளே உட்கார்ந்திருந்தார். பதினான்காம் பூத்தில் அவருக்கு விழுந்தது ஒன்று. அது அவர் போட்டது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். அவள் சாப்பாடு எடுத்து வைத்தாள். தோத்துட்டேன் என்றார். தெரியும், சாப்பிடுங்க என்றாள். அவருக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குக் கெண்டை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அவள் ஓட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

2006இலும் நின்றார், கோதண்டபாணிக்கு எதிராக. பதினான்காம் பூத்தில் ஒன்று. 2011இல் மகன் கார்முகில் நின்றார். அப்போதும் ஒன்றுதான். தெருவில் நாங்கள் எல்லாரும் அவரிடம் கண்டிப்பாக உங்களுக்குத்தான் என்று சொன்னவர்கள். யாருக்கும் ஓட்டை வீணாக்க மனம் வரவில்லை. எங்களைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் அதை அவர் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. அவளோடு அப்படியேதான் இருந்தார். சம்பள நாளில் அவளைப் பள்ளிக்கூட வாசலில் இருந்து வண்டியில் அழைத்துவருவதுகூட நிற்கவில்லை.

2016 மே மாதம், பிரச்சாரத்தின் கடைசி நாள் மத்தியானம், வெயிலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, இடது கை விழுந்துவிட்டது. ஜவஹர் அலி அதே ஆட்டோவில், மைக்கைக்கூட அவிழ்க்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஓட்டுப் பதிவு நாளன்று இளையபெருமாள் படுக்கையில் இருந்தார். கூடவே இருந்த மாரிக்கண்ணு பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய் வந்தாள்.

ஓட்டு எண்ணிய அன்று ஜவஹர் அலி நோட்டுப் புத்தகத்தோடு வார்டுக்கு வந்தார். மொத்தம் நாற்பத்தாறு. பூத் வாரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், “பதினாலு, ஒண்ணு. வழக்கம்போல உங்க ஓட்டுதாண்ணே” என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வரக் கிளம்பினார். இளையபெருமாள் ஓட்டுப் போடவே போகவில்லை என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

மாரிக்கண்ணு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார். பேச்சு இன்னும் சரியாக வராத நேரம்.

“நான் போகவே இல்லையே” என்றார்.

“நீங்க போகல. அதான் நான் போட்டேன்.”

“இத்தன வருஷம்?”

“இத்தன வருஷமா அந்த வீட்டுக்குத்தான் போட்டேன்” என்றாள் அவள். “உங்களுக்குத் தெரியுமா?”

“மொத தேர்தல்லயே தெரியும்.”

“ஏங்க கேக்கல?”

“கேட்டா நீ சொல்லணும்ல” என்றார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு அவளுடைய அப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயல் கூலி வேலை செய்தவர். உடன் இருந்தது அவள் மட்டும். நெடுங்காடு நூற்று முப்பது கிலோமீட்டர். உடலை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரையோ பார்க்க வந்த மந்திரி கோதண்டபாணி, அவள் பேச்சைக் கேட்டு நம்மூர்ப் பெண் என்று நின்றார். விசாரித்தார். தன் காரின் முன்னால் இருந்த கொடியைக் கழற்றச் சொல்லிவிட்டு உடலைப் பின் சீட்டில் ஏற்றச் சொன்னார். அரசாங்க வண்டி, வெளியே தெரிந்தால் வம்பு, யாரிடமும் சொல்லாதே அம்மா என்றார். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். டிரைவர் ஊர் எல்லையில் இறக்கிவிட்டு, விசாரித்தவர்களிடம் வாடகை வண்டி என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அப்ப மந்திரி?” என்று இளையபெருமாள் கேட்டார்.

“அவரு பஸ்ஸுல வந்தாரு.”

 இளையபெருமாள் விழாத வலது கையை நீட்டினார். அவள் பழச்சுளையை அதில் வைக்கப்போனாள். அவர் பழத்தை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்துக் கோதண்டபாணி இறந்தார். இளையபெருமாள் மாலை வாங்கிக்கொண்டு மனைவியோடு அந்த வீட்டுக்குப் போனார். ஒரு காலத்தில் நிற்க வைக்கப்பட்ட அதே வாசலில் அன்று ஊரே நின்றது. கார்முகில் அடையாளம் கண்டு வந்து, “ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் இளையபெருமாள் மனு குடுத்துட்டாரான்னு அப்பா கேப்பாருங்க. எதுக்குன்னு தெரியாது” என்றார். மாரிக்கண்ணு அழுதாள். கணவர் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே அவளுக்கு அந்த அழுகை ஏன் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

2021இல் மறுபடியும் நிற்கப் போகிறேன் என்றபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபம் எதுவும் இல்லையே, பிறகு எதற்கு என்று நான் கேட்டேன். தெருவில் சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறது, அதை மைக்கில் சொல்ல எனக்கு இது ஒரு வழி, பழகிவிட்டது என்றார். சுயேச்சையாக நிற்பவரைத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். முந்தைய தேர்தல்களில் ஜவஹர் அலிதான் ஆள் பிடித்துக் கையெழுத்து வாங்குவார். இந்த முறையும் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை மாரிக்கண்ணு நிறுத்தி, அதைக் கொண்டாங்க என்று வாங்கிப் பார்த்தாள். முதல் கட்டம் காலியாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை முழுதாக எழுதினாள். இளையபெருமாள் காகிதம் நகர்ந்துவிடாமல் அதன் ஓரத்தை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் தோற்றார். கார்முகிலும் தோற்றார். சாக்கடை வேலை அடுத்த வருடம் நடந்தது, யார் செய்தது என்று தெருவில் இன்னும் தகராறு இருக்கிறது. இப்போது மாரிக்கண்ணு வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். காலையில் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போகிறார்கள். இடது கை முழுதாகத் திரும்பவில்லை. அதனால் செம்புக் கம்பியை அவள் இழுத்துப் பிடிக்க, அவர் சுற்றுகிறார்.