முதல் ஸ்லாட்டில் வைத்த கார்டு

கலியபெருமாள் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது. அதை மறைத்து, விசாரணையில் பொய் சொல்லி, அவரை சஸ்பெண்ட் ஆக வைத்தவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியராக இருந்தேன். இப்போது பெரம்பலூரில் ஓய்வில் இருக்கிறேன். ஒரே சிப்புக்குள் எட்டு ப்ராசஸர் கோர், பதினாறு கோர் என்று வேலை செய்யும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவான மெமரியை யாருக்கு எப்போது எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது. எங்களிடம் கோருக்குப் பதில் கார்டுகள் இருந்தன, அவ்வளவுதான்.

1. மூன்று கார்டு, ஒரு மெமரி

சிமெண்ட் கில்ன் என்பது மெல்லச் சுழலும் நீண்ட இரும்பு உருளை. உள்ளே நெருப்பைத் தாங்கும் செங்கல் பதித்திருக்கும். ஒரு முனையில் நிலக்கரித் தூள் எரியும். அந்தத் தீயைக் கவனித்து நிலக்கரியைக் கூட்டிக் குறைப்பவருக்கு பர்னர் என்று பெயர். எங்கள் பர்னர்களில் மூத்தவர் கலியபெருமாள். திருமானூர் பக்கத்துக்காரர். நீலக் கண்ணாடி வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டினார்.

அந்தச் சமயம் மைக்ரோப்ராசஸர் பேனல் ஒன்று வந்தது. அதை நிறுவும் பொறுப்பு எனக்கு. அதில் மூன்று ப்ராசஸர் கார்டுகள். ஒன்று, கில்னில் உள்ள கருவிகளை வரிசையாகப் படித்து எண்களைப் பொது மெமரியில் எழுதும். இரண்டாவது, அந்த எண்களைப் பார்த்து அலாரம் அடிக்கும். மூன்றாவது, கலர் ஸ்கிரீனில் படம் வரையும். மூன்றுக்கும் மெமரிக்குப் போக ஒரே பாதை. அதை பஸ் என்போம். ஒரு நேரத்தில் ஒரு கார்டுதான் அதில் போகலாம். இரண்டு கார்டு ஒன்றாகக் கேட்டால், கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் இடதுபக்கம் இருப்பதற்கே முதல் உரிமை.

நான் சர்க்குலர் ஒன்றும் தயாரித்தேன். இனி பர்னர்கள் கண்ணாடியைப் பார்த்து அல்ல, ஸ்கிரீனில் வரும் எண்ணைப் பார்த்தே நிலக்கரி விட வேண்டும். ஆலையின் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., கையெழுத்திட்டார்.

"என்ன சார், டிவிப் பொட்டிக்குப் பூசையெல்லாம் முடிஞ்சுதா? எங்கள எப்ப வூட்டுக்கு அனுப்பப் போறீங்க?" என்றார் கலியபெருமாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

2. நேர்கோடு

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் பேனலைப் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் ஜி.எம். ஒத்திகை பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் படம் மாற நேரம் எடுத்தது.

"என்னய்யா இது, கோலம் போடுற மாதிரி ஒவ்வொரு புள்ளியா வருது? சட்டுன்னு வர வேணாமா?"

"வர வச்சுடலாம் சார்."

படக் கார்டைக் கழற்றி இடதுகோடி ஸ்லாட்டில் செருகினேன். அளவீட்டுக் கார்டைக் கடைசிக்குத் தள்ளினேன். படம் பறந்தது. வேறு எதையும் நான் சோதிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டுக் கோடுகள் ஓடும் வரைபடப் பக்கத்தைப் போட்டு வைத்தேன். அந்தப் பக்கம் பஸ்ஸை விடவே விடாது. அளவீட்டுக் கார்டு கொஞ்ச நேரம் காத்திருக்கும். இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கருவியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். பட்டியலில் கடைசியில் இருந்த கருவி எரியும் பகுதியின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர். அதன் முறை வரும்போதெல்லாம் பாதை அடைத்திருந்தது. மெமரியில் பழைய எண்ணே கிடந்தது. அலாரம் கார்டும் அந்த எண்ணையே பார்த்துச் சும்மா இருந்தது.

ஸ்கிரீனில் ஏழு கோடுகள் நெளிந்தன. ஒன்று மட்டும் நேராக ஓடியது. "பாருங்க சார், எவ்வளவு ஸ்டெடி" என்று நானே விருந்தினருக்குச் சுட்டிக் காட்டினேன்.

அப்போது இன்டர்காம் அடித்தது. தீ எரியும் முனையில், இன்னொரு ஸ்கிரீன் வைத்த பர்னர் மேடையிலிருந்து கலியபெருமாள்.

"சார், கண்ணாடியில பாத்தா தீ வெள்ள வெளேர்னு இருக்கு. நம்பர் அசைய மாட்டேங்குது. கரியக் கொறைக்கட்டுமா?"

பெரியவர்கள் பக்கத்தில் நின்றார்கள். "நம்பரைப் பாத்து ஓட்டுங்க கலியபெருமாள். சர்க்குலர் படிச்சீங்கல்ல?" என்று சொல்லி போனை வைத்தேன்.

அவரும் கரியைக் குறைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே செங்கல் உருகி விழுந்தது. கில்னின் இரும்புத் தோல் வெளியிலிருந்தே தெரியும்படி சிவந்தது. ஆலை நின்றது.

3. இல்லைங்க சார்

எல்லோரும் கில்ன் பக்கம் ஓடினார்கள். நான் பேனலைத் திறந்தேன். நேர்கோடு ஏன் வந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு கார்டுகளையும் பழைய ஸ்லாட்டுகளுக்கு மாற்றினேன். பிறகுதான் பரிசோதனைக் குழு வந்தது. கருவிகள் சரியாக வேலை செய்கின்றன என்று எழுதிக்கொண்டு போனது.

விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டார். "சம்பவத்தன்னைக்கு இவரு உங்களுக்கு போன் பண்ணினதா சொல்றாரு. பண்ணினாரா?"

"இல்லைங்க சார்."

எதிரே நின்ற கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு எந்த போனும் வரலை."

 கவனக்குறைவு என்று எழுதி அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலைநீக்கம் வரை போகும் என்று பேச்சு இருந்தது.

4. எழுத்தில் கொடுத்தேன்

இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஜி.எம். கூப்பிட்டார். "அன்னைக்கு எவ்வளவு ஜோரா படம் வந்துச்சு? இப்ப ஏன் ஆமை மாதிரி வருது? அன்னைக்கு மாதிரியே வை."

அன்றைக்கு மாதிரி வைத்தால் இன்னொரு பர்னர் மாட்டுவார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஸ்லாட் மாற்றியது, போன் வந்தது, பொய் சொன்னது எல்லாம் சொன்னேன்.

கதவைச் சாத்தினார். "இத எழுத்துல குடுக்காதீங்க. மிஷினை மட்டும் சரி பண்ணுங்க. அந்தாள எங்கயாவது பேக்கிங் செக்‌ஷன்ல போட்டுக்கலாம்."

எழுத்தில்தான் கொடுத்தேன். பதவி உயர்வு வரிசையிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். அது நியாயமே.

பேனலையும் சரி செய்தேன். ஒரு சின்ன போர்டில் சில ஐ.சி. சிப்புகளை வைத்து என் கையாலேயே சால்டர் செய்தேன். எந்தக் கார்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று அது எண்ணும். அதிக நேரம் காத்திருப்பதற்கே அடுத்த முறை. அளவீடு பின்தங்கினால் படத்துக்கான பங்கு தானே குறையும். கில்ன் அமைதியாக ஓடினால் மிச்சம் முழுவதும் படத்துக்குப் போகும். கூடவே, ஸ்கிரீனில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எத்தனை விநாடிக்கு முன் எடுத்தது என்பதையும் காட்ட வைத்தேன். அந்தக் காலத்துக்கு நல்ல வேலை அது. இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மொத்த வேகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எந்தக் கோர் அதிக நேரம் காத்திருக்கிறது, அது எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் எண் தப்பு என்று ஒருவர் கூப்பிட்டுச் சொன்னால் போனை வைக்காதீர்கள்.

5. கலியபெருமாள் சொன்னது

சஸ்பென்ஷன் ரத்தானதும் நானே கீழப்பழூர் தாண்டி அவர் ஊருக்கு பஸ் ஏறினேன். நான் செய்த எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன் சார் ரெண்டு மாசம்?" என்றார்.

அதற்கு நான் அசட்டுத்தனமாகப் புது போர்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வாய்க்கால்ல தலைமடைக்காரன் எப்பவும் மொதல்ல பாய்ச்சினா கடைமடை காஞ்சு போவும்னு இந்த ஊர்ல எவனக் கேட்டாலும் சொல்லுவான். அதுக்குத்தான் மொற வச்சிருக்கோம். இதப் படிக்கவா நீங்க காலேசுக்குப் போனீங்க?"

"வேலைக்கு வந்துடுங்க" என்றேன்.

வந்தார். ஆனால் முதல் நாளே கிரஷருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடம் அது. பர்னர் மேடைக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அன்னைக்கு எங் கண்ணு சரியாத்தான் சொல்லுச்சு. நான் கேக்கல. இப்பத் தீயப் பாத்தா, சரியாப் பாக்குறோமான்னு ஒரு சந்தேகம் வருது. சந்தேகத்தோட நிக்கிற எடமில்ல சார் அது."

ஓய்வு பெறும் வரை அவர் கிரஷரில்தான் இருந்தார். எதிரே வந்தால் வணக்கம் சொல்வார், நின்று பேசமாட்டார். என் போர்டு பல வருஷம் ஒரு கருவியைக்கூட விடாமல் ஓடியது. அவரைப் போலத் தீயைப் பார்க்கத் தெரிந்த பர்னர் மட்டும் அந்தக் கில்னுக்கு அதன் பிறகு வரவே இல்லை.