சைக்கிளுக்கு விட்ட இடம்

அக்கா பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். விலைதான் இல்லையே தவிர, அதை நிறுத்த இடம் வேண்டுமே! கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்தது மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை. கீழே வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் பூட்டி வைத்த சைக்கிள் போன மாதம்தான் காணாமல் போயிருந்தது. அக்காவின் பள்ளிக்கூடமோ நான்கு கிலோமீட்டர். அந்த வழியில் பஸ் வருவதும் வராததும் அதன் இஷ்டம். சைக்கிள் போனால் படிப்பும் போச்சு என்று அவள் மூக்கைச் சிந்த, "ஊட்டுக்குள்ளயே வச்சிக்கலாம், வா" என்று அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

உள்ளே வந்த பிறகுதான் எங்களுக்குச் சங்கடம் தெரிந்தது. சுவரோரம் சைக்கிள் நின்றால், அப்பா பாய் விரிக்கும் இடம் காலி.

"நீ எங்கய்யா படுப்பே?" என்றாள் அம்மா.

"நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கினேன். ராத்திரி அது நிக்கட்டும், பகல்ல நான் படுத்துக்கிறேன்."

கம்பெனியில் நைட் ஷிப்ட் என்றாலே ஆளாளுக்கு நழுவுவார்கள். இந்த மனுஷன் அதைக் கேட்டு வாங்கினாரே என்று அம்மா முணுமுணுத்தாள். நான்காவது படித்த எனக்கு எல்லாம் வேடிக்கை. சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் அப்பா சைக்கிளை மாடிக்குத் தூக்கி வைப்பார். காலையில் அம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவார்கள். அக்கா தெருமுனையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து பாயை விரிப்பார். "எங்க ஊட்டு சைக்கிளும் ஷிப்ட்ல வேலை செய்யுது" என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை நாங்கள் படுக்கும் பக்கம் நகர்த்திவிடுவோம். ஆனால் இந்த ஏற்பாட்டில் மழை லீவை யாரும் யோசிக்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் காலை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடியது. அப்பா சொட்டச் சொட்ட நனைந்து வந்தபோது சைக்கிள் அவர் இடத்தில் ஜம்மென்று நின்றிருந்தது. நாங்கள் படுக்கும் பக்கத்தில் மேல்தளம் ஒழுகியதால் அங்கே வாளியும் குண்டானும் வைத்திருந்தோம். அக்கா சைக்கிளை ஒழுகும் பக்கம் தள்ளினாள். அப்பா அதைத் திருப்பித் தள்ளி வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

"இருக்கட்டும் உடும்மா. வண்டி நனைஞ்சா துரு புடிச்சிக்கும். நான் நனைஞ்சா இன்னா, தொடச்சிக்கினா போச்சு."

சைக்கிளுக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரு முழ இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்சக்கரத்தின் மேல் துண்டை மடித்து வைத்துத் தலையைச் சாய்த்தார். ஐந்தே நிமிடம், குறட்டை.

என் கை சும்மா இருக்குமா? மெல்லப் போய் மணியை அடித்தேன். அப்பா துள்ளி எழுந்தார். கொடியில் கிடந்த ஈரச் சட்டையை மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கம்பெனி பஸ் வந்துட்ச்சா?" என்று வாசல் வரைக்கும் போய்விட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் ஒரு பழந்துணியைக் கிழித்து மணியைச் சுற்றிக் கட்டினாள். அப்பா மறுபடி அதே சக்கரத்தில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அக்கா படித்து முடித்து நர்ஸ் ஆனாள். அந்த சைக்கிள் துளித் துருவில்லாமல் பிறகு எனக்கு வந்தது. நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அப்பா நைட் ஷிப்டிலேயே இருந்தார். இன்று அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்று அப்படியா தோன்றியது? மழை விட்டு பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையாகத் தோழிகளிடம் பெருமையடித்தேன்: "எங்கப்பா உக்காந்துக்கினே தூங்குவாரு. உங்கப்பாவால முடியுமா?"

அதை அப்பாவின் திறமை என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.